நாற்காலி சின்னத்தில் நின்றவர்

போன வாரம் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வரவேற்பு. மனைவி வழி உறவு. குளிரூட்டிய மண்டபம், பன்னீர் தெளிக்க ஒரு மெஷின், மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் தெரியாத அளவுக்குப் புகைப்படக்காரர்கள். நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்தி, முதுகில் தங்க நிற ரிப்பனால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் துணியை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். “என்ன பண்றீங்க, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள் மனைவி. பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன் என்றேன். அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்ததில் அப்படி ஒரு பொறுமை வந்திருக்கிறது.

உள்ளே பெயரும் இல்லை, ஊரும் இல்லை. வழவழவென்று பிளாஸ்டிக்தான் இருந்தது.

இரும்பு மடக்கு நாற்காலி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விரித்தால் கிரீச்சிடும், மடக்கினால் விரலைக் கடிக்கும். அந்தக் காலத்தில் கல்யாண வீட்டில் ஓடியாடி வேலை செய்தவன் யாராக இருந்தாலும் கட்டைவிரலில் ஒரு தடவையாவது ரத்தம் கட்டியிருக்கும். மழையில் நனைந்து காய்ந்த இரும்பின் வாசனை கையில் ஒட்டிக்கொண்டு, எத்தனை சோப்பு போட்டாலும் போகாமல், பந்தியில் சாம்பார் சாதத்தோடு சேர்ந்து உள்ளே போகும். எனக்கு இன்றைக்கும் துருப்பிடித்த ஜன்னல் கம்பியைத் தொட்டால் அப்பளம் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் மஞ்சள் பெயிண்டில் வாடகைக் கடையின் பெயர் இருக்கும். தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவே, தண்டவாளத்துக்கு மேற்கே இருந்த எங்கள் பகுதியில் அந்தப் பெயர் ‘தனகோட்டி அண்ட் சன்ஸ்’. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றிலும் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குக் கீழே அதைத்தான் படித்துக்கொண்டிருப்போம். நான் வேகமாகப் படிக்கக் கற்றுக்கொண்டதே அப்படித்தான் என்று அம்மா சொல்லுவாள்.

தனகோட்டி அண்ணனுக்குச் சன்ஸ் கிடையாது. இரண்டும் பெண்கள். போர்டு எழுதிய பெயிண்டர், கடை என்றால் அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்று சொல்லி எழுதிவிட்டான். அண்ணனும் வழக்கம் என்றால் சரி என்று விட்டுவிட்டார். வழக்கத்துக்கும் சட்டத்துக்கும் அவர் அப்படிக் கட்டுப்படுவார். எட்டு மணிக்கு நாற்காலி வரும் என்றால் எட்டு மணிக்கு வாசலில் டெம்போ நிற்கும். மாப்பிள்ளை வராத கல்யாணம்கூட எங்கள் பக்கத்தில் நடந்திருக்கிறது, நாற்காலி வராத கல்யாணம் நடந்ததில்லை.

அவர் ஏன் தேர்தலில் நின்றார் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் மேற்கே இருந்தோம். பெரிய ஆஸ்பத்திரி, மார்க்கெட், காலேஜ் எல்லாம் கிழக்கே இருந்தன. நடுவே தண்டவாளம், அதன் குறுக்கே ஒரு கேட். அது திறந்திருந்த நேரத்தைவிட மூடியிருந்த நேரம் அதிகம் என்றால் கொஞ்சம் மிகை. ரொம்ப இல்லை. கேட் மூடினால் அங்கே ஒரு சின்ன ஊரே உருவாகும். வெள்ளரிப் பிஞ்சு, வேர்க்கடலை, மாலைப் பேப்பர், பூ. எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் கேட்டுக்கு இந்தப் பக்கம் ஸ்கூட்டரில் ஒருவரும் பஸ்ஸில் ஒருவரும் காத்திருந்தபோது பேசி முடிந்தது. வண்டலூரில் மிருகக்காட்சி சாலை வந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் இன்னும் பெருகியது. சிங்கம் பார்க்கக் கிளம்பிய குழந்தைகள் சாயங்காலம் வரை கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் உண்டு.

சிரிப்பாகத்தான் இருந்தது, சாமுவேல் சார் போகும்வரை.

சாமுவேல் சார் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். அவர் மனைவி எஸ்தர் டீச்சர், எங்கள் பகுதிப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒரு மத்தியானம் சாருக்கு நெஞ்சு வலித்தது. தெருவில் அப்போது நின்ற ஒரே வண்டி தனகோட்டி அண்ணனின் டெம்போ. படுக்க வைத்தால் மூச்சு முட்டுகிறது என்றார் சார். டெம்போவின் பின்புறத்தில் ஒரு இரும்பு நாற்காலியை விரித்து, அதில் அவரை உட்கார்த்தி, அண்ணன் பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் கீழே உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார். கேட் மூடியிருந்தது. ஒரு எலக்ட்ரிக் ட்ரெயின் போனது. திறக்கவில்லை. ஒரு எக்ஸ்பிரஸ் போனது. திறக்கவில்லை. அப்புறம் ஒரு கூட்ஸ் வண்டி, அது எப்போதும்போல் சாவதானமாகப் போனது. கேட்மேனும் அழுதுகொண்டுதான் நின்றான், சிக்னல் கொடுத்தபிறகு அவனால் திறக்க முடியாது. கேட் ஏறியபோது அவசரப்பட வேண்டிய காரணம் எதுவும் மிச்சமில்லை.

அந்த நாற்காலியை அண்ணன் பிறகு யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. கடைக்குள் சுவரோரமாக மடக்கிச் சாத்தி வைத்திருந்தார்.

அடக்கம், பிரார்த்தனை எல்லாம் முடிந்ததும் கேட்டுக்குப் பதில் சுரங்கப்பாதை வேண்டும் என்று அவர் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அவர் தலைவர். நான் செயலாளர். அப்போது நான் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். என் தகுதி அவ்வளவுதான். சங்கத்துக்கு இடம் கிடையாது. கேட் மூடியதும் கூட்டம் கூடும். காத்திருக்கிறவர்கள் எல்லாரும் உறுப்பினர்கள். அண்ணன் தலைமையுரையைத் தொடங்குவார், எல்லாரும் ஆவேசமாகத் தலையாட்டுவார்கள். கேட் திறந்ததும் உறுப்பினர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு கிழக்கே போய்விடுவார்கள். எங்கள் சங்கம் ஒரு தீர்மானத்தையும் நிறைவேற்றியதில்லை. வழிமொழிவதற்குள் ரயில் போய்விடும்.

ஒருநாள் அவரும் நானும் மனுவோடு ரயில்வே அலுவலகத்துக்குப் போனோம். வெகுநேரம் நின்றபின் ஒரு அதிகாரி பார்த்தார். மனுவைப் படிக்கவில்லை, மேலே அச்சடித்திருந்த ‘நாற்காலி, சாமியானா, பாத்திரங்கள் வாடகைக்குக் கிடைக்கும்’ என்பதைப் படித்தார். “நீங்க யாரு?” என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். வார்டு கவுன்சிலரா, யூனியனா, கட்சியா என்ற அர்த்தத்தில். அண்ணன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது மின்சார ரயிலில் பல்லாவரம் வரை அதையே திருப்பித் திருப்பிப் படித்தார். அப்புறம், “கேக்கறதுக்கு ஒரு ஆளா இருக்கணும்டா. நாம அப்டி ஒரு ஆளு இல்ல” என்றார்.

அடுத்து வந்த நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் சுயேச்சையாக மனு தாக்கல் செய்துவிட்டார்.

வீட்டில் சரோஜா அக்கா, அவர் மனைவி, எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. “ஜெயிச்சா நாற்காலி யாரு இறக்குவாங்க?” என்று மட்டும் கேட்டார். வார்டில் பாதிப் பேரின் கேள்வியும் அதுவாகத்தான் இருந்தது. ஓட்டுக் கேட்டுப் போன வீடுகளில், “உங்களுக்குத்தான் அண்ணா. ஆனா தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம், அப்ப நீங்க கவுன்சிலரா இருந்தா எப்படி?” என்று கவலைப்பட்டார்கள். அண்ணன் ஒவ்வொருவரிடமும் நாற்காலி கட்டாயம் வரும் என்று உறுதி சொன்னார். ஒரு வேட்பாளர் கொடுத்த வாக்குறுதிகளில் மக்கள் முழுமையாக நம்பியது அந்த ஒன்றாகத்தான் இருக்கும்.

சின்னம் வாங்கப் போனபோது அவர் கேட்டது ரயில் எஞ்சின். கேட் விஷயம் அதில் சொல்லாமலே விளங்கும் என்பது அவர் கணக்கு. எஞ்சினை வேறு ஒரு சுயேச்சை குலுக்கலில் கொண்டுபோய்விட்டார். அவர் எதற்காக நின்றார் என்று கடைசிவரை அவருக்கே தெரியாது. அதிகாரி பட்டியலையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாற்காலி இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்றார். அண்ணன் யோசித்துவிட்டுச் சரி என்றார். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல் இருந்தது. வார்டு முழுக்கக் கிடக்கிற எங்கள் சின்னத்தைச் சுவரில் வேறு வரைய வேண்டுமா?

பிரசாரம் என் பொறுப்பு. ஒரு ஆட்டோ, அதன் மேல் புனல் மாதிரி ஒலிபெருக்கி, உள்ளே நான். ‘வாக்காளப் பெருமக்களே’ என்று ஆரம்பித்தால் என் குரல் ‘பெரு’வில் உடைந்துவிடும். குழந்தைகள் அதற்காகவே ஓடி வந்தார்கள். ஆட்டோவைவிட எதிர்க்கட்சிகளின் கூட்டங்கள் எங்களுக்கு நன்றாக வேலை செய்தன. எல்லாக் கட்சிக்கும் நாற்காலி எங்களுடையதுதான். பேச்சாளர் மேடையில் அண்ணனுக்கு நாற்காலி ஆசை வந்துவிட்டது என்று கிண்டலடிப்பார், கேட்கிறவர்கள் எங்கள் சின்னத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்து, முன்னால் தெரிகிற அண்ணனின் பெயரைப் படித்துக்கொண்டிருப்பார்கள். முதல் வரிசைக்காரர்களுக்கு மட்டும்தான் அந்த வசதி கிடையாது.

விஷயம் அவர்களுக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆனது. உறைத்ததும் ஆர்டரை நிறுத்தினார்கள். மக்கள் தரையில் உட்கார வேண்டியிருந்தது, பேச்சு நீளமானதும் எழுந்து போனார்கள். மறுபடி ஆர்டர் வந்தது. இந்தத் தடவை வட்டச் செயலாளர் ஒரு யோசனை செய்து, ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் துணியைச் சுற்றிக் கட்டச் சொன்னார். நாற்காலிக்குத் துணி போர்த்துகிற வழக்கத்தை உலகத்தில் முதன்முதலில் கண்டுபிடித்தது எங்கள் வார்டுதான் என்பது என் நம்பிக்கை. மனைவியிடம் மண்டபத்தில் இதைச் சொல்லியிருக்கலாம், அவள் அதற்குள் சாப்பிடப் போய்விட்டாள்.

ஜெயித்துவிடுவோம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எதிர்க்கட்சிக்காரர்களே சொன்னார்கள்.

வாக்குப்பதிவு நாள். சாவடி எஸ்தர் டீச்சரின் பள்ளியில். நான் பூத் ஏஜெண்ட், காலரில் அட்டை குத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில், நீண்ட வரிசை. வராண்டாவில் வயதானவர்களும் பிள்ளைத்தாச்சிகளும் நாற்காலிகளில் உட்கார்ந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். எஸ்தர் டீச்சரும் அதில் இருந்தார். அவருக்கு அப்போது மூட்டுவலி தொடங்கியிருந்தது. உள்ளே அதிகாரிகளும் ஏஜெண்டுகளான நாங்களும் நாற்காலிகளில். எல்லாத் தேர்தலுக்கும் தாலுகா அலுவலகம் அண்ணன் கடையிலிருந்துதான் நாற்காலி எடுக்கும். எப்போதோ கொடுத்த ஆர்டர், வழக்கம்போல் வந்து இறங்கிவிட்டது. அதில் ஒரு விசேஷம் இருப்பதாக யாருக்கும் படவில்லை, எனக்கும்தான்.

அண்ணன் ஓட்டுப் போட வந்தார். வாசலில் நின்று வராண்டாவைப் பார்த்தார். உள்ளே வந்து எங்களைப் பார்த்தார். ஓட்டுப் போடாமல் நேரே தலைமை அதிகாரியிடம் போனார். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த மெலிந்த மனிதர் அவர்.

“சார், சாவடிகிட்ட எந்த வேட்பாளர் சின்னமும் இருக்கக்கூடாதுன்னு எழுதி ஒட்டிக்கீறீங்க.”

“ஆமா.”

“அப்ப இதெல்லாம் இன்னா சார்?”

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். “நாற்காலி.”

“என் சின்னம் இன்னா சார்?”

அதிகாரி சுவரில் ஒட்டியிருந்த வேட்பாளர் பட்டியலைப் பார்த்தார். பிறகு தான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கையேட்டை எடுத்துப் புரட்டினார். நாற்காலி சின்னக்காரரே நாற்காலியைப் பற்றிப் புகார் கொடுத்தால் என்ன செய்வது என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. அதுவரை சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற ஏஜெண்டுகள் சூடு பட்டவர்கள் மாதிரி எழுந்து, ஆட்சேபிக்கிறோம் என்றார்கள். வாயில் இட்லி இருந்ததால் தெளிவாகக் கேட்கவில்லை.

நான் அண்ணனை ஓரமாக இழுத்துப் போய், யாருமே கவனிக்கவில்லை, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “நாளைக்கி ஜெயிச்சிட்டு, நாற்காலிய போட்டு ஜெயிச்சான்னு எவனாச்சும் கேஸு போட்டா? அந்த ரயில்வே ஆபீசர் மறுபடி நீ யாருன்னுதான் கேப்பாரு. கேட்டு அப்டியே நிக்கும்.”

டெம்போவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வராண்டாவில் அவரே ஒவ்வொருவராக எழுப்பினார். எஸ்தர் டீச்சர் முன்னால் வந்ததும் கொஞ்சம் நின்றார்.

“டீச்சர், எழுந்துக்கணும்.”

“கால் வலிக்குது தனகோட்டி.”

“தெரியும் டீச்சர்.”

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அண்ணன் அந்த நாற்காலியை மடக்கி, தலையைக் குனிந்துகொண்டு எடுத்துப் போனார்.

அதற்குப் பிறகு அதிகாரி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் முகவாயை இடிக்க, மாலைவரை ஜனநாயகக் கடமை ஆற்றினார். எங்களுக்கும் அதே பெஞ்ச்தான். வெளியே வரிசை வெயிலில் நின்றது. “ஜெயிக்கறதுக்கு முந்தியே எழுப்பி வுடறாம்பா, ஜெயிச்சா இன்னா பண்ணுவான்” என்று ஒரு குரல் ஜன்னல் வழியாக வந்தது. நாங்கள் தோற்றுவிட்டோம் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. பெட்டியைத் திறந்து எண்ணியவர்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

ஜெயித்த கவுன்சிலர் வெற்றிக் கூட்டம் போட்டார். நாற்காலி எங்களுடையது. சொன்ன நேரத்துக்கு டெம்போ போனது, அண்ணனே நின்று விரித்துப் போட்டார். எனக்குக் கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் என்னிடம் ஒரு நாற்காலியைக் கொடுத்து, அந்தக் கடைசி வரிசையை நேராகப் போடு என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து அவர் அந்தக் கவுன்சிலர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். கையெழுத்தும் லெட்டர்பேடும் கவுன்சிலருடையது, மனு நாங்கள் எழுதியது. கவுன்சிலர் முதலில் சிரித்தார், பிறகு சலித்துக்கொண்டார், பிறகு படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவர் மாறி வேறொருவர் வந்தார். அவரிடமும் போனோம். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து, அண்ணனின் இரும்புக்கு மவுசு குறைந்து, தொண்ணூறுகளின் கடைசியில் ஒருவழியாகச் சுரங்கப்பாதை வந்தது.

திறப்பு விழாவுக்குச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். நகரத்திலிருந்து ஒப்பந்தக்காரர் கொண்டு வந்திருந்தார். கல்வெட்டில் நிறையப் பெயர்கள். கவுன்சிலர்கள் பெயர்கூட இருந்தது, அண்ணன் பெயர் இல்லை. எழுத வேண்டுமானால் என்னவென்று போட்டு எழுதுவார்கள்? அவர் கூட்டத்தின் பின்னால் நின்று கை தட்டினார்.

கார்களெல்லாம் போனபிறகு அவர் எங்கோ கிளம்பிப் போனார். திரும்பி வந்தபோது டெம்போவின் பின்னால் எஸ்தர் டீச்சர் உட்கார்ந்திருந்தார். கடைச் சுவரோரம் சாத்தியிருந்த அந்த நாற்காலியில். நாற்காலி நகராமல் பிடித்துக்கொள்ள அண்ணன் என்னை ஏறச் சொன்னார். அண்ணனே ஓட்டினார். மேற்கிலிருந்து கீழே இறங்கினோம், புது சிமெண்ட் வாசனை வந்தது, தலைக்கு மேலே ஒரு ரயில் ஓடியது, ஏறி வெளிச்சத்துக்கு வந்தோம். வண்டி நின்றது. டீச்சர் இன்னும் நாற்காலியின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கிழக்குப் பக்கத்துக் கடைகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அவ்வளவுதானா?”

அண்ணன் இறங்கிப் பின்பக்கம் வந்து நின்றார். “அவ்ளோதான் டீச்சர்.”

டீச்சர் அழுதார். அண்ணனும் அழுதார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருவரையும்விடச் சத்தமாக அழுதேன்.

அந்த நாற்காலியை டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் அதில் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். டீச்சர் இப்போது இல்லை. அண்ணனும் போய்விட்டார். மற்ற நாற்காலிகளை மாப்பிள்ளைகள் எடைக்குப் போட்டார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, யார் எடுக்கிறார்கள் இரும்பை? கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். கேட்மேனின் குடிசை, வெள்ளரிப் பிஞ்சு, வேர்க்கடலை, நின்றுகொண்டே கல்யாணம் பேசியவர்கள், தீர்மானம் போடாத எங்கள் சங்கம், எதுவும் இப்போது இல்லை. மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது மட்டும் இரண்டு பக்கமும் பழையபடி கூட்டம் கூடுகிறது. ஆனால் யாரும் யாரோடும் பேசுவதில்லை, எல்லாரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரவேற்பு முடிந்து ஆட்டோவில் திரும்பினோம். ஓட்டியவன் சின்னப் பையன். சுரங்கப்பாதையில் இறங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, முன்னாடி இங்க ஒரு கேட் இருந்துச்சு” என்று ஆரம்பித்தேன். தனகோட்டி அண்ணன் என்று ஒருவர் என்று தொடர்வதற்குள் வண்டி மேலே ஏறித் தெருவிளக்கு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

“எந்த கேட் சார்?” என்றான் அவன்.